இழுக்கும் விசையே இணைக்கும் விசை

ஆவடியிலிருந்து அம்பத்தூர் வழியாகச் செல்லும் சி.டி.எச். சாலையில் ஒருவர் ஸ்கூட்டரிலிருந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முழங்கால் தரையில் மோதுகிறது. காலை நீட்டப் பார்க்கிறார், முடியவில்லை. முழங்காற்சில்லு குறுக்கே இரண்டாக உடைந்திருக்கிறது. "புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்ளலாமே" என்பார்கள் அக்கம்பக்கத்தார். இந்த முறிவுக்குக் கட்டு ஏன் போதாது? இயற்பியல் விடை சொல்கிறது.

சில்லு வெறும் மூடியன்று. தொடையின் முன்புறத் தசையின் நாண் அதன் மேல் விளிம்பில் இணைந்துள்ளது. கீழ் விளிம்பிலிருந்து மற்றொரு நாண் கீழ்க்கால் எலும்புக்குச் செல்கிறது. இந்த நாண்களை மூட்டின் மையத்திலிருந்து முன்னே தள்ளி வைப்பது சில்லின் வேலை. நீளமான ஸ்பானரால் மறையை எளிதில் திருகிவிடலாம் அல்லவா? இங்கும் அதே திருப்புத்திறன்தான். முழங்காலை முழுதும் நீட்டும்போது அதில் ஏறத்தாழ 30 விழுக்காடு சில்லின் பங்காகும்.

சில்லு உடைந்து விலகிவிட்டால், அதே தசை மேல்துண்டை மேலே இழுத்துக்கொள்கிறது. வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இடைவெளி மூடாது. துண்டுகள் விலகாமல் இருந்து, காலை நீட்டியபடியே உயர்த்தவும் முடிந்தால் மட்டுமே 4 முதல் 6 வாரம் வரை மாவுக்கட்டு போதும்.

கிருமிகளுக்கு அஞ்சி மூட்டைத் திறக்கவே தயங்கிய காலத்தில், 1877-இல் லண்டனில் ஜோசப் லிஸ்டர் கிருமித்தடுப்பு முறையைக் கையாண்டு, உடைந்த சில்லை வெள்ளிக் கம்பியால் பிணைத்தார். ஆனால் கம்பியை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஜெர்மானிய மருத்துவர் பாவெல்ஸ் 20-ஆம் நூற்றாண்டில் அதை விளக்கினார்.

நீங்களே செய்து பாருங்கள். இரண்டு தீப்பெட்டிகளை முனையோடு முனை சேர்த்து, மேற்புறத்தில் மட்டும் நாடா ஒட்டுங்கள். இரு முனைகளையும் கீழ்நோக்கி வளையுங்கள். நாடா விறைக்கிறது, அடி விளிம்புகள் ஒன்றையொன்று அழுத்துகின்றன. நாடாவை அடியில் ஒட்டினாலோ, மேற்புறம் வாய் பிளக்கும்!

அறுவையிலும் இதுவே நடக்கிறது. துண்டுகளைப் பொருத்தி, இரண்டு எஃகு ஊசிகளை நெடுக்காகச் செலுத்துகிறார்கள். பிறகு சில்லின் முன்புறத்தில் எஃகுக் கம்பியை 8 வடிவில் சுற்றி முறுக்குகிறார்கள். கால் மடங்கும்போது கம்பி முன்புறம் திறக்காமல் தடுப்பதால், தசையின் இழுவிசை பின்புறத்தில் அமுக்குவிசையாக மாறுகிறது. பிரித்த விசையே இப்போது சேர்க்கிறது! மருத்துவர் சொல்லும் அளவில் காலை மடக்கிப் பழகுவதும் இதனால் நன்மையே.

சில முறிவுகளில் ஊசிகளுக்குப் பதில் திருகாணிகள் பொருத்துவதுண்டு. கீழ்முனை நொறுங்கியிருந்தால் சிதறல்களை நீக்கி, நாணை எஞ்சிய சில்லோடு தைப்பார்கள். சில்லை முழுதும் எடுப்பது கடைசி வழி. எடுத்தால் நெம்புகோலின் நீளம் குறைந்துவிடும்.

ஆகவே, விழுந்தபின் முழங்கால் வீங்கி, காலை நீட்டியபடி உயர்த்த முடியவில்லையென்றால், கட்டுப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். உடனே எக்ஸ்ரே எடுத்து, எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.