மின்னேற மறுக்கும் மின்கலம்

மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்த கையடக்க நெபுலைசர், மின்னேற்றியில் இணைத்த பின்னும் சிலபோது விளக்கெரியாது கிடக்கும். பழுதென்று உடனே ஒதுக்கிவிடலாகாது. அதன் லித்தியம் அயனி மின்கலம் முழுதும் ஏறியவிடத்து ஏறத்தாழ 4.2 வோல்ட் காட்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் மின்னேற்றச் சுற்று முழு மின்னோட்டத்தை விடுவதில்லை. பெரும்பாலும் பத்திலொரு பங்கையே செலுத்தி, மின்கலத்தை மெல்லத் தேற்றுகிறது. அரைமணி பொறுத்தால் பல கருவிகள் உயிர் பெறும். ஆயினும், மூச்சுத் திணறும் நோயாளி அதுவரை காத்திருக்க இயலுமா?

மின்னழுத்தம் அதனினும் மிகத் தாழுமாயின், எதிர்மின்வாயைத் தாங்கும் மெல்லிய செப்புத்தகடு கரைகிறது. பின்னர் மின்னேற்றுகையில் உள்ளே குறுக்குச்சுற்று நேர்ந்து தீப்பற்றவுங்கூடும். வேறு மின்கலத்தை நேரே பிணைத்து அதனை எழுப்ப முயல்வது, கெட்டிக்காரத்தனமாகத் தோன்றினும், பேராபத்தே. சேமித்து வைக்குங்கால் பாதியளவு ஏற்றி, வெயில்படா இடத்தில் வைத்து, சில மாதங்களுக்கொருமுறை சோதித்தல் வேண்டும். பணிக்கு எடுத்துச்செல்லும் முதல்நாள் முழுதும் ஏற்றிக்கொள்ளலாம்.