கைப்பேசிக்கு வேறு அறை

சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளில் 2026 ஜனவரி முதல் இடைவேளையிலும் கைப்பேசி கூடாது. மாணவர்களின் கற்றல் சாதனங்களும் பொதுவாக இரவு 10.30க்குப் பூட்டிக்கொள்கின்றன. பலதுறைத் தொழிற்கல்லூரியில் பயிலும் எங்களைப் போன்ற இளையருக்கு அப்படி மணியடிக்க யாருமில்லை.

புத்தகத்தில் அத்தியாயம் முடியும். சமூக ஊடகத்தில் விரலால் தள்ளத் தள்ள முடிவே வராது. அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். அதனால் மன உறுதியைவிடத் தூரத்தையே நான் நம்புகிறேன். இரவில் என் கைப்பேசி வரவேற்பறையில் சார்ஜ் ஆகிறது. காலையில் எழுப்ப ஓர் அலாரக் கடிகாரம். (அதன் சத்தம் பாட்டிக்குத்தான் பிடிக்கவில்லை.) தூக்கம் கூடியது, எரிச்சல் குறைந்தது.

எல்லா மனச்சுமைக்கும் இது மருந்தன்று. பல நாளாக மனம் கனத்தால் 1771 எனும் தேசிய மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. பேசத் தயங்குவோர் வாட்ஸ்அப்பில் எழுதலாம். அதற்காகக் கைப்பேசியை அறைக்குள் எடுத்துவந்தால் தவறில்லை.