இரண்டாண்டா, நான்காண்டா?

இன்டரில் பைபிசி முடித்து, நீட்டில் இடம் கிடைக்காத பிள்ளைகள் இருக்கும் சித்தூர், திருப்பதி வீடுகளில் கண் பரிசோதனைப் படிப்பான ஆப்டோமெட்ரி பற்றிய பேச்சு அடிபடுகிறது. துபாயில் வேலை, ஆஸ்திரேலியாவில் வேலை என்கிறார்கள். வேலை இருக்கிறது. ஆனால், அது கிடைக்குமா என்பதில் பாதி அட்மிஷன் போடும் அன்றைக்கே முடிவாகிவிடுகிறது.

இங்கே இரண்டு படிப்புகள் உண்டு: இரண்டாண்டு டிப்ளமோ, இன்டர்ன்ஷிப்போடு நான்காண்டுப் பட்டம். இரண்டில் எதை முடித்தவர்களும் ஒரே மருத்துவமனையில் அடுத்தடுத்த அறைகளில் பவர் பார்ப்பதால் பெற்றோருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. சுகாதாரப் பணியாளர்களுக்காக 2021இல் வந்த மத்தியச் சட்டமே பிரித்துச் சொல்கிறது: துணைநிலைப் பணியாளருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு, தானே சோதித்து ஆலோசனை சொல்லும் நிபுணருக்கு 3,600.

வெளிநாட்டிலும் என்ன படித்தோம், எவ்வளவு படித்தோம் என்று பார்க்கிறார்கள். வளைகுடாவில் டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு நிறுவனம் வழியாகச் சான்றிதழ்களைக் கல்லூரியிலேயே விசாரித்துவிட்டு, பிறகு கணினித் தேர்வு வைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் எழுத்துத் தேர்வு, அதன்பின் செய்முறைத் தேர்வு. அங்கே புதிதாகப் பதிவாகிறவருக்குக் கண் மருந்து எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். நம்மூரில் சொட்டு மருந்து எழுதுவது டாக்டர். அதனால் நம் பட்டதாரி அந்தப் பாடத்தைத் தனியாகப் படித்தே ஆக வேண்டும். அமெரிக்கா என்றால் ஓ.டி. (டாக்டர் ஆஃப் ஆப்டோமெட்ரி) பட்டம், மூன்று கட்டத் தேசியத் தேர்வு, மாநில உரிமம்.

டிப்ளமோ முடித்தால் கண்ணாடிக் கடையில் உடனே சம்பளம் வரும் என்பார்கள். குடும்பச் சூழ்நிலைக்கு அது சரியாகவும் இருக்கலாம். எனக்குள்ள கவலை வேறு. வெளிநாடு அனுப்பும் எண்ணத்தோடு நகையை அடகு வைத்து, பிள்ளையை இரண்டாண்டுப் படிப்பில் சேர்த்துவிடுகிறார்கள். பிறகு பட்டத்துக்கு லேட்டரல் என்ட்ரி சில இடங்களில் கிடைக்கும். அப்படித் தாண்டிய ஆண்டை போகிற நாட்டின் வாரியம் ஏற்குமா என்று யாரும் கேட்பதில்லை. நான்காண்டுப் படிப்பும் எட்டாத தூரத்தில் இல்லை. சென்னையில் 1985இலேயே எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியில் நான்காண்டுப் படிப்பு தொடங்கிவிட்டது. திருப்பதியிலிருந்து மூன்று மணி நேர ரயில் பயணம்தான். நேரில் போய் விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

இப்போது இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லாக்புக்கில் கையெழுத்தும் சீலும் அன்றன்றே வாங்குங்கள். பாடத்திட்டத்தை மணிக்கணக்கோடு நகலெடுத்து, பல்கலைக்கழகச் சான்றொப்பத்துடன் வீட்டில் வையுங்கள். ஐந்து வருடம் கழித்து மஸ்கட்டிலிருந்து ஃபோன் போட்டுக் கேட்டால், தேடி எடுத்துத் தருகிற ஆள் பல்கலைக்கழக ஆபீஸில் இருக்க மாட்டார்.