டேப்புக்கு எத்தனை இடம்?

புரோகிராம் எழுதும்போது வரியை உள்ளே தள்ள டேப்பும் பயன்படும், ஸ்பேஸும் பயன்படும். திரையில் இரண்டும் வெற்றிடம்தான். கோப்புக்குள் அவை வேறு வேறு எழுத்துகள்: ஆஸ்கி அட்டவணையில் டேப்பின் எண் 9, ஸ்பேஸின் எண் 32.

ஸ்பேஸ் எப்போதும் ஓர் இடம் நகரும். டேப்புக்கு அப்படி நிலையான அளவு கிடையாது. தட்டச்சுப் பொறிக் காலத்திலிருந்தே அதன் வேலை அடுத்த நிறுத்தத்துக்குத் தாவுவது. 8 இடத்துக்கு ஒரு நிறுத்தம் என்றால், வரியின் தொடக்கத்தில் இட்ட டேப் 8 இடம் தாவும். மூன்று எழுத்துக்குப் பின் இட்டால் 5 இடம்தான். நிறுத்தத்தை 4 என்று வைத்திருப்பவர் அதே கோப்பைத் திறந்தால், அந்த 5 இடம் 1 ஆகச் சுருங்கும். டேப்பும் ஸ்பேஸும் கலந்த கோப்பு ஒருவர் திரையில் நேராகவும் இன்னொருவர் திரையில் கோணலாகவும் தெரிவது இதனால்தான்.

பைத்தானில் எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதையே உள்தள்ளல்தான் தீர்மானிக்கிறது. ஆகவே டேப்பின் அளவை மாற்றினால் பொருள் மாறிவிடக்கூடிய கலப்பைப் பைத்தான் 3 ஏற்பதில்லை. பிழை காட்டி நின்றுவிடும். மிகச் சரியான முடிவு. அமைப்புகளை எழுதப் பயன்படும் யாமல் கோப்பில் உள்தள்ளலுக்கு டேப்பே கூடாது. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’ என்ற புரோகிராம் கட்டும் கருவி நேர்மாறு: அதில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். அந்த விதி சரியில்லை என்று அவருக்குச் சீக்கிரமே தெரிந்தது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டதால், அவர்களுக்குத் தொல்லை வேண்டாமென்று விட்டுவிட்டார். இன்றுவரை அந்த விதிதான் இயல்பாக நடக்கிறது.

டேப் விசையை அழுத்தினால் டேப் எழுத்தே விழும் என்பதில்லை. அதை எடிட்டர் முடிவு செய்கிறது. விம் எடிட்டரில் ‘எக்ஸ்பாண்ட்டேப்’ போட்டால் ஸ்பேஸ்கள் விழும், ‘லிஸ்ட்’ போட்டால் ஒளிந்திருக்கும் டேப்புகள் கண்ணுக்குத் தெரியும். பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் ‘எடிட்டர்கான்ஃபிக்’ கோப்பு ஒன்றை வைப்பது நல்லது. பைத்தானுக்கு 4 ஸ்பேஸ், மேக் கோப்புக்கு டேப் என்று அதில் எழுதிவிட்டால், அதைப் படிக்கத் தெரிந்த எடிட்டர்கள் அப்படியே நடக்கும்.

மொழி எதையும் கட்டாயப்படுத்தாதபோது என் தேர்வு டேப். பிரெய்ல் திரையில் படிக்கும் பார்வையற்ற புரோகிராமருக்கு நான்கு ஸ்பேஸ் நான்கு கட்டங்களைத் தின்னும். டேப்புக்கு ஒரே கட்டம் போதும். லினக்ஸ் கெர்னலும் கோ மொழியின் வடிவமைப்புக் கருவியும் டேப்பையே பயன்படுத்துகின்றன.

பழைய கலப்புக் கோப்பைத் திருத்துவதானால் அந்த மாற்றத்தை மட்டும் தனியாக, மாற்றங்களைப் பதிவு செய்யும் ‘கிட்’ கருவியில் பதியுங்கள். வேறு திருத்தங்களோடு சேர்த்தால், எல்லா வரியும் மாறியதாகக் காட்டும். உண்மையில் மாறிய வரியைத் தேடி எடுப்பது பெரும்பாடு.