தாங்கியைக் கழற்றாமலே துப்புரவாக்கலாம்

இடம்பெயர்ந்து மீண்ட குடும்பங்களின் மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரங்கள், ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் நின்றுவிடுவதை நாம் கண்டிருக்கிறோம். பல வேளைகளில் பழுது இயந்திரத்தில் அல்ல, தாங்கியின் அடியில். அரைவாசி வெறுமையாகக் கிடந்த தாங்கியில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகும். நீர் எண்ணெயிலும் பாரமானது. அடியில் தங்கித் துருவை உண்டாக்கும்.

இயந்திரம் ஆறியபின், திறந்த வெளியில், காபரேற்றருக்குப் போகும் குழாயைக் கழற்றி, எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலில் வடித்து அரைமணி நேரம் வையுங்கள். அடியில் நீர் பிரிந்து நின்றால் காரணம் தெரிந்துவிடும். மீதியையும் வடித்து, தாங்கிக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். விளக்கோ தீக்குச்சியோ கூடாது. சிறிது சுத்தமான மண்ணெண்ணெய் விட்டு, துணி இறுகக் கட்டிய தடியால் அடியைத் துடைத்து, தெளிவாக வரும்வரை வடியுங்கள். வடிகட்டியையும் கழுவுங்கள். கழிவெண்ணெயைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

நகையை அடகு வைத்துப் புது இயந்திரம் வாங்குமுன், ஒரு போத்தல் வடித்துப் பாருங்கள்.