ஹூமாயூன் கல்லறைத் தோட்டத்தில் மீண்டும் நீரோட்டம்

தில்லியிலுள்ள ஹூமாயூன் கல்லறையைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அதன் வெண்சலவைக்கல் மாடத்தை நோக்கியே நடக்கின்றனர். வழியில் அவர்கள் கடக்கும் தோட்டமும் அதே அளவு கவனத்திற்கு உரியது. 1556-இல் மறைந்த பேரரசருக்கு அவருடைய துணைவியார் ஹாஜி பேகம் எழுப்பிய இந்நினைவிடம், ‘சார் பாக்’ எனப்படும் நாற்பகுதித் தோட்டத்தின் நடுவே அமைந்துள்ளது. சொர்க்கத்தில் பாயும் நான்கு ஆறுகளை நினைவூட்டுவது இவ்வமைப்பு. ஆகவே நீர் ஓடாத சார் பாக் தன் பொருளை இழந்துவிடுகிறது.

சிதைவும் சீரமைப்பும்

இத்தோட்டம் பலமுறை உருமாறியது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பாணியில் வட்டப் பூப்பாத்திகள் இடம்பெற்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய அமைப்பை மீட்கும் முயற்சி நடைபெற்றது. 1947-இல் நாட்டுப் பிரிவினையால் வீடிழந்து வந்தோருக்கு இங்கு முகாம் அமைந்தது. துயருற்ற மக்களுக்குப் புகலிடம் தந்த அந்த ஆண்டுகளில் தோட்டம் பெரிதும் பழுதுற்றது.

1997-இல் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையும் ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையும் இணைந்து மேற்கொண்ட சீரமைப்புப் பணி 2003-இல் நிறைவெய்தியது. சேர்ந்திருந்த மண் அகற்றப்பட்டது. சுமார் 3 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்க்கால்கள் புதுப்பிக்கப்பட்டன. மா, எலுமிச்சை, வேம்பு, செம்பருத்தி, மல்லிகை உள்ளிட்ட சுமார் 2,500 மரங்களும் செடிகளும் நடப்பட்டன.

கண்ணுக்குத் தெரியாத சாய்வு

பணியின் நுட்பம் நீர்க்கால்களின் மட்டத்தில் உள்ளது. 40 மீட்டர் தொலைவுக்கு 1 சென்டிமீட்டர் என்ற அளவிலேயே அவை சாய்ந்துள்ளன. சாய்வு சற்று மிகுந்தால் நீர் விரைந்தோடி வடிந்துவிடும். குறைந்தால் தேங்கிப் பாசி படரும். ஒரு கல் சற்றே தாழ்ந்தாலும் ஓட்டம் தடைப்படும். எனவே ஒவ்வொரு கல்லையும் மட்டம் பார்த்துப் பதிப்பது இன்றியமையாததாயிற்று.

நீரைப் பெறும் வழியும் புறக்கணிக்கப்படவில்லை. பழைய கிணறுகள் தூர் வாரப்பட்டன. மழைநீரை நிலத்துள் செலுத்த 128 குழிகள் அமைக்கப்பட்டன. நிலத்தடி நீர் குறைந்துவரும் மாநகரில், நீரை எடுப்பதோடு திருப்பித் தரவும் வகைசெய்த இந்த ஏற்பாடு பிற நினைவிடங்களுக்கும் வழிகாட்டத் தக்கது.

கட்டடத்தைப் பழுதுபார்த்தால் அது பல்லாண்டுகள் நிற்கும். தோட்டமோ நாள்தோறும் பேணுதலை வேண்டுவது. உதிர்ந்த இலைகளை அகற்றும் தோட்டப் பணியாளரின் கையில்தான் இந்நீரோட்டத்தின் எதிர்காலம் உள்ளது. சீரமைப்புக்கு நிதி ஒதுக்கும்போதே பராமரிப்புக்கும் ஒதுக்குவது அறிவுடைமையாகும்.