இதயத் துடிப்புமானியும் கலோரிக் கணக்கும்

இதயத் துடிப்புமானி என்பது நிமிடத்திற்கு எத்தனை முறை இதயம் துடிக்கிறது என்று காட்டும் கருவி. மார்புப்பட்டை இதயத்தின் மின்குறிப்பைக் கொண்டும், கைக்கடிகாரம் தோலுக்கடியில் ஓடும் குருதியில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டும் துடிப்பை எண்ணுகின்றன. எரிந்த கலோரியை இவை அளப்பதில்லை. துடிப்பு, வயது, எடை, பால் ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டு ஊகிக்கின்றன.

ஆற்றல் செலவை அறிய, உடல் பயன்படுத்தும் ஆக்சிசனை அளக்க வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோகலோரி. சீரான ஓட்டத்தில் துடிப்பும் ஆக்சிசன் பயன்பாடும் சேர்ந்தே உயர்வதால் ஊகம் ஓரளவு பொருந்தும். ஆனால் வெயிலும் பதற்றமும்கூடத் துடிப்பை உயர்த்தும். கலோரி அதற்கேற்ப எரியாது. தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவன் நெஞ்சு படபடப்பதால் இளைத்துவிடுவதில்லை! மாறாக, பீட்டா தடுப்பி மருந்து உண்பவருக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவர் வியர்க்க நடந்தாலும் கருவி குறைத்தே காட்டக்கூடும்.

2017-இல் வெளியான இசுட்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வில் 60 பேரிடம் 7 மணிக்கட்டுக் கருவிகள் சோதிக்கப்பட்டன. ஆறு கருவிகள் துடிப்பை 5 விழுக்காட்டுப் பிழைக்குள் காட்டின. கலோரியிலோ, இருப்பதில் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது. மிக மோசமானது 93. திரையில் 300 கலோரி என்று கண்டால், சிறந்த கருவியிலேயே 80 கலோரி முன்பின் இருக்கலாம். அது ஓர் இட்லிக்கும் மேல்.